மகள் வேண்டாம் என்று சொன்ன செல்லப்பெயர்

கேள்வி: எங்கள் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மறைந்த என் மாமியாரின் நினைவாகக் காமாட்சி என்று பெயர் வைத்தோம். மாமியாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவோ கண்டிக்கவோ எனக்கு வாய் வரவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் ‘குண்டும்மா’ என்று அழைக்கத் தொடங்கினேன். வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையேறியபோது உறவினர் ஒருவர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வகுப்புப் பிள்ளைகள் அப்படியே அழைக்கிறார்களாம். ஆசிரியையும் ஒருமுறை சிரித்துக்கொண்டே அப்படிக் கூப்பிட்டாராம். ‘இனிமேல் வீட்டிலும் என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள்’ என்கிறாள். ‘செல்லமாகக் கூப்பிடுவதில் என்ன தவறு? நாலு நாளில் சரியாகிவிடும்’ என்கிறார் என் நாத்தனார். என் கணவரும் அதையே சொல்கிறார். செல்லப்பெயரை அடியோடு விட்டுவிட வேண்டுமா, அல்லது குழந்தைதான் அளவுக்கு மீறி வருத்தப்படுகிறாளா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விட்டுவிட வேண்டும், இன்றைக்கே விட்டுவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் உறவினர் கூப்பிட்டது இருக்கிறது, ஆசிரியை சிரித்தது இருக்கிறது, நாத்தனாரும் கணவரும் சொன்னவை இருக்கின்றன. அந்தப் பெயருக்கு உரியவள் சொன்னது ஒரே ஒரு வரிதான், ஆனால் அதைவிடத் தெளிவாக எட்டு வயதுக் குழந்தையால் சொல்ல முடியாது. அந்த வரியைக் கேட்ட பிறகும் எங்களிடம் வேறு விடை இருக்குமோ என்று நீங்கள் தேடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இந்த நிலைமைக்கு நீங்கள் வந்த வழியை நான் குறை சொல்லமாட்டேன். பாட்டன் பாட்டியின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது நம் வழக்கம். மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் நம் வழக்கம். இந்த இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது, பெற்ற தாயே தன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத நிலை உண்டாகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் தம்பி, பாப்பா, ராசா, அம்மாளு என்ற அழைப்புகள் அப்படித்தான் நிலைபெற்றன. முன்பு அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள், இதுவாவது தங்க வேண்டும் என்ற ஏக்கத்தில் குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயரிட்டதும் உண்டு. அழகான பெயரைச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. வீட்டுப்பெயர் என்பது வெறும் விளையாட்டுக்கு முளைத்ததன்று என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

செல்லப்பெயர்கள் எல்லாமே தீங்கானவை என்றும் நான் கருதவில்லை. கணிதமேதை இராமானுஜனை அவருடைய தாயார் சின்னச்சாமி என்று அழைத்தார், எம்.எஸ். சுப்புலட்சுமி தம் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் குஞ்சம்மாவாக இருந்தார். உலகம் அவர்களை அறிந்தது முறையான பெயரால்; இன்னொரு பெயர் உரிமையுள்ள சிலருடைய வாயில் மட்டும் இருந்தது. மேலும், சின்னச்சாமி, குஞ்சம்மா என்ற அழைப்புகளில் பாசம் மட்டுமே இருக்கிறது. அழைக்கப்படுகிறவரின் உடலைப் பற்றிய பேச்சு எதுவும் இல்லை. நீங்கள் வைத்த பெயரோ ஆறு மாதக் குழந்தையின் மேனியைப் பார்த்து வைத்தது. குழந்தையின் உடல் மாறும், வயது மாறும், அதைக் கேட்கிற காதுகளும் மாறும். அதே பெயரை முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் சொன்னால், கேட்பவர்களுக்கு அதில் உங்கள் அன்பு தெரியாது. அவளுடைய உடம்புதான் தெரியும். கருப்பி, நெட்டை, சோடாபுட்டி, தெத்துப்பல்லி என்று நிறத்தையும் உயரத்தையும் கண்ணாடியையும் பல்லையும் சுட்டி வீட்டில் பெயர் வைக்கிற ஒவ்வொருவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘கூப்பிடுவதில் என்ன இருக்கிறது’ என்று கேட்கும் உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. நான்கரை மாதக் குழந்தைகள் தங்கள் பெயரின் ஒலியைப் பிற பெயர்களின் ஒலியிலிருந்து பிரித்து அறிகின்றன என்பதை 1995-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மகள் மொழி அறியும் முன்பே தன்னை அடையாளம் கண்டுகொண்ட ஒலி, நீங்கள் ஆசையோடு அழைத்த அந்தப் பெயராகத்தான் இருக்கும். தாயின் மடியில் கேட்டுப் பழகிய ஒன்றைத் தாயின் வாயிலிருந்தும் இனிக் கேட்க வேண்டாம் என்று ஒரு குழந்தை சொல்கிறதென்றால், பள்ளியில் அது எவ்வளவு பட்டிருக்க வேண்டும்! அளவுக்கு மீறி வருத்தப்படுகிறாளா என்று நீங்கள் கேட்பதற்கு இதுதான் என் விடை.

நாலு நாளில் சரியாகிவிடும் என்று உங்கள் நாத்தனார் சொல்வதும் ஒருவகையில் நடக்கத்தான் செய்யும். நாலு நாள் சொல்லிப் பார்த்தும் பெரியவர்கள் கேட்கவில்லை என்றால், ஐந்தாம் நாள் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள். வீட்டார் அதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அவளோ, தனக்குப் பிடிக்காததை இந்த வீட்டில் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டிருப்பாள். பெண் குழந்தை வேறு பல இடங்களில், வேறு பல ஆட்களிடம் ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கும் காலத்தில், அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்ற பாடத்தை அவள் முதலில் தன் வீட்டிலேயே படிக்க வேண்டுமா?

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் 2011-இல் நடந்ததை இங்கே சொல்வது பொருந்தும். ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீடுகளில் பிறந்த பெண்களுக்கு ‘வேண்டாதவள்’ என்ற பொருளில் நகுசா என்று பெயர் வைத்திருந்தார்கள். செல்லப்பெயராக அன்று, பதிவேட்டுப் பெயராகவே. மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி 285 பெண்களுக்குப் புதிய பெயர்களுக்கான சான்றிதழ்களை வழங்கியது. அப்பெண்கள் புதிய பெயர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் அந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்தது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது அவ்வளவு கொடியதன்று. நீங்கள் ஆசையாகத்தான் அழைத்தீர்கள். ஆனால் அரசு அதிகாரிகள் அறியாத பெண்களிடம் கேட்ட கேள்வியை, பெற்றவர்கள் தம் மகளிடம் கேட்பதில் தடை என்ன? உன்னை எப்படி அழைக்கட்டும் என்று கேளுங்கள். காமாட்சி என்று முழுதாக அழைக்கச் சொல்லலாம். காமு என்று சுருக்கச் சொல்லலாம். அவளே வேறொன்று கண்டுபிடித்திருக்கவும் கூடும்.

மாமியார் பெயரைச் சொல்லக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தை மதிக்கிறேன், ஆனால் அதன் சுமையைக் குழந்தை தாங்கக்கூடாது. மறைந்தவரின் பெயர் வீட்டில் தொடர்ந்து ஒலிக்க வேண்டும் என்றுதானே அதைப் பேத்திக்கு வைத்தீர்கள்? பெரியாழ்வார் தம் திருமொழியில், குழந்தைகளுக்குத் திருமாலின் பெயர்களை வையுங்கள், அப்படிப் பெயரிட்டு அழைக்கும் தாய் நரகம் புகமாட்டாள் என்று பாடியிருக்கிறார். வாயாரச் சொல்லி அழைப்பதற்காகத்தான் பெயர் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. காமாட்சி என்று ஒரு நாளைக்குப் பலமுறை அழைக்கும் மருமகள் மாமியாருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. கண்டிக்கிற நேரத்தில் மட்டும் மனம் கூசினால், பெயரைச் சொல்லாமலே கண்டியுங்கள்.

ஆசிரியையிடம் நீங்களோ உங்கள் கணவரோ நேரில் சென்று, பிற ஆசிரியர்களோ பிள்ளைகளோ இல்லாத இடத்தில் பேச வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தோடு அழைத்திருக்கமாட்டார். ஆனாலும் ஆசிரியை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னால், வகுப்புக்கு அது அனுமதியாகிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல்தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. வருகைப்பதிவேட்டில் இருக்கும் பெயரால் மட்டுமே எல்லோரும் அழைக்க வேண்டும் என்று வகுப்பில் பொதுவாக அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டால் போதும். அதைச் சொல்லும்போது உங்கள் மகளைச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் எட்டாண்டுப் பழக்கம் ஒரே நாளில் போகாது, நாக்கு தவறும். தவறும்போது உடனே திருத்திக்கொண்டு, நீண்ட விளக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், பிறந்தநாள் கேக்கிலும், சாப்பாட்டு டப்பாவிலும் அந்தப் பெயர் இருந்தால் மாற்றுங்கள். ஆண்டு விழாவில் கூப்பிட்ட உறவினருக்கு உங்கள் கணவரே தொலைபேசியில் சொல்லட்டும்; அடுத்த கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் குழந்தையே அவரைத் திருத்தும்படி விட்டுவிடாதீர்கள்.

வீட்டுப்பெயரே போதும் என்று இருந்துவிடும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: குழந்தையின் பிறப்பைப் பெயரில்லாமல் பதிவு செய்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க வழியிருக்கிறது. பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் அவசரப்படுவதைவிட முதல் ஆண்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அந்தப் பெயரைக் குழந்தைக்கு இரண்டு மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தை காவலரிடம் ‘குட்டி’ என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

உங்கள் நாத்தனார் மட்டும் பழையபடி அழைத்துக்கொள்ள ஆசைப்படலாம். அவருக்கும் அண்ணன் மகள் மீது அன்பு உண்டு. அதற்கு அனுமதி தர வேண்டியவள் உங்கள் மகள்தான். அவளைக் கேட்பதென்றால் அத்தை அருகில் இல்லாத வேளையில் கேளுங்கள். அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எந்தக் குழந்தைக்கும் வாய் வராது. அவள் முடியாது என்றால், அதை நாத்தனாரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்.