தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மலத்தில் ரத்தம்: தாய் எதை நிறுத்த வேண்டும்?

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு உசிலம்பட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு ஏழு வாரம், தாய்ப்பால் மட்டும்தான். பத்து நாளாக மலம் சளி சளியாகப் போகிறது. மூன்று தடவை நூல்போல ரத்தம் இருந்தது. பொழுது சாய்ந்தால் ஒரே அழுகை. நான் சாப்பிடுவதுதான் சேரவில்லை என்று பருப்பு, கத்திரிக்காய், முட்டை, மீன், பழம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். பூண்டுக் குழம்பும் சோறும்தான். பால் ஊறுவதற்கு தினமும் மூன்று டம்ளர் பசும்பால் தருகிறார்கள். புட்டிப்பாலுக்கு மாறிவிடலாமா? பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 4.3.

பதில்: புட்டிப்பால் வேண்டாம். கடைசியில் நீங்கள் எழுதிய எடைதான் என்னை நிம்மதியாக்கியது. ஏழு வாரத்தில் இப்படி எடை ஏறும் பிள்ளைக்குத் தாய்ப்பால் நன்றாகவே சேருகிறது.

முதலில் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஆசனவாயில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரத்தம் வரும். உங்கள் காம்பில் புண் இருந்து, அந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கியிருக்கவும் கூடும். இரண்டும் இல்லையென்றால், அடுத்த சந்தேகம் உங்கள் வீட்டில் நிறுத்தாமல் விட்ட ஒன்றின் மேல்தான்: அந்த மூன்று டம்ளர் பால்.

நீங்கள் சாப்பிடும் உணவின் புரதத்தில் மிகச் சிறு அளவு உங்கள் ரத்தத்தில் கலந்து தாய்ப்பாலுக்கும் வருகிறது. சில குழந்தைகளின் பெருங்குடல் அதற்குச் சிவந்து கசியும். அதில் அதிகம் மாட்டுவது பசும்பால் புரதம். வாயு அப்படிக் கடந்து போகாது. பருப்பும் உருளைக்கிழங்கும் உண்டாக்கும் வாயு உங்கள் குடலோடு சரி. சாயங்கால அழுகைக்கும் சாப்பாட்டின் மேல் பழி போட வேண்டாம். ஆறாவது வாரத்தை ஒட்டி எல்லாப் பிள்ளைகளுமே அதிகம் அழும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும்.

ஆகவே பால் ஒன்றை மட்டும், தேதி குறித்து வைத்து, மூன்று வாரம் நிறுத்துங்கள். 'மட்டும்' என்று நான் சொன்னாலும் அது பல இடங்களில் ஒளிந்திருக்கும். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பாலைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்தார். "டீ?" என்றேன். "டீ குடிப்பேன் டாக்டர், அது டீதானே!" மோரும் அப்படித்தான். தயிர், பன்னீர், பால்கோவா, பால் கலந்த பிஸ்கட், சத்துமாவு பானங்கள், ஜிகர்தண்டா எல்லாம் பால் கணக்கே. நெய்யிலும் கொஞ்சம் புரதம் தங்கும். நெய் விட்டுக் கிளறிய பிரசவ லேகியத்தையும் இந்த மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். ஆட்டுப் பால், எருமைப் பால் மாற்று ஆகாது. புரதம் ஏறக்குறைய ஒரே சாயல். பால் குடித்தால்தான் பால் ஊறும் என்பதும் சரியில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும்.

ரத்தம் பெரும்பாலும் சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் நிற்கும். நின்ற பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: மூன்று வாரம் முடிந்ததும் பாலைத் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். ரத்தம் திரும்பினால் பால்தான் என்று உறுதி. திரும்பாவிட்டால் வீணாக ஒரு வருஷம் டீக்கு ஏங்க வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை இந்த வகை ஒவ்வாமையைக் காட்டாது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். உறுதியானாலும் பயம் வேண்டாம், ஒரு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சரியாகிவிடும். மூன்று வாரத்திலும் ரத்தம் நிற்காவிட்டால், அடுத்து எதை நிறுத்துவது என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டாம்.

பாலை நிறுத்தினால் உங்கள் சுண்ணாம்புச் சத்துக்கு வேறு வழி வேண்டும். கேழ்வரகுக் கூழ் (100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம்), எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி. கூடவே மருத்துவர் தரும் கால்சியம் மாத்திரை. டீக்குப் பதில் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபி.

பிள்ளைக்கு உரைமருந்து, வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் விற்று வரும் கழுதைப்பால் எதுவும் கொடுக்கக் கூடாது. பச்சையாக வாந்தி, காலை மடக்கி வீறிட்டு அழுதபின் துவண்டு போவது, ரத்தம் கட்டி கட்டியாகவோ ஜெல்லி போலவோ வருவது, காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, ஒன்றுக்குப் போவது குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள்.

மற்றதெல்லாம் சாப்பிடலாம். பச்சை உடம்புக்காரி வெறும் பூண்டுக் குழம்பில் தேற முடியாது. இன்று ராத்திரியே ஒரு முட்டையை அவித்துச் சாப்பிடுங்கள். அம்மா கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.