ஒளிக்கூம்பில் அணிக்கோவை சுழியானால் கணக்கு தப்பா?

கேள்வி: நான்கு பரிமாண மின்கோவ்ஸ்கி வெளியில் (ஈர்ப்பில்லாத, தட்டையான வெளிநேரத்தில்) எதிர்கால ஒளிக்கூம்பின் மேல் தூண்டப்படும் மெட்ரிக்கைக் (நீளம் அளக்கும் அணியை) கணக்கிட்டேன். அணிக்கோவை சுழி. அலகு நீளச் செங்குத்து வெக்டரும் கிடைக்கவில்லை. வளைவை எப்படிக் கணிப்பது?

பதில்: கணக்கு சரிதான். கூம்பில் நேரமும் ஆரமும் சமம். அதனால் மெட்ரிக்கில் நேரத்தின் கழித்தல் உறுப்பும் ஆரத்தின் கூட்டல் உறுப்பும் அடிபட்டு, கோளப் பகுதி மட்டும் மிஞ்சுகிறது. ஒளிவகை மேற்பரப்பு எல்லாமே இப்படித்தான்: செங்குத்து வெக்டர் பரப்பையே தொட்டுக்கொண்டு கிடக்கும், நீளமும் சுழி. அதை அலகாக்க வழியே இல்லை. அந்தத் திசையில் ஓடும் கோடுகள் ஜியோடெசிக்குகள், அதாவது வெளிநேரத்தின் 'நேர்கோடுகள்'. பரப்பே அவற்றால் நெய்யப்பட்டது.

அந்தச் செங்குத்து வெக்டரை 'எல்' என்போம். பலர் உடனே பரப்பைத் தொடாத ஒரு குறுக்கு வெக்டரைத் தேர்ந்தெடுத்துக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் தொடுவெளியை (ஒரு புள்ளியில் பரப்பைத் தொடும் வெக்டர்களின் வெளியை) 'எல்' திசையால் வகுத்து, அதாவது அந்தத் திசையில் மட்டும் வேறுபடும் வெக்டர்களை ஒன்றாகக் கருதி, மிஞ்சும் இருபரிமாண வெளியில் வேலை செய்யுங்கள். அங்கே மெட்ரிக் நேர்மறை, நேர்மாறும் உண்டு. 'எல்'-ஐ ஒவ்வொரு தொடுதிசையிலும் வகையிட்டால், பரப்பின் வளைவைச் சொல்லும் வைன்கார்ட்டன் வரைவு கிடைக்கும். உங்கள் கூம்பில் நேரத்திசை, ஆரத்திசை அலகு வெக்டர்களின் கூட்டலை 'எல்' ஆக எடுத்தால், கோளத்தின் ஒவ்வொரு திசையிலும் 1/ஆரம் வரும். அதன் சுவடு (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்), அதாவது விரிவு, 2/ஆரம். உச்சிப்புள்ளியை மட்டும் விலக்கிவிடுங்கள், அங்கே பரப்பு வழவழப்பாக இல்லை.

'எல்'-ஐ ஒரு நேர்மறைச் சார்பால் பெருக்கினால் விரிவும் அதே சார்பால் பெருகும். ஆக, எண் மதிப்புக்குத் தனி அர்த்தம் இல்லை. அது சுழியா, எந்தக் குறி என்பதற்கு உண்டு.

பரப்பின் மேலேயே வகையிடல் வேண்டுமென்றால்தான் குறுக்கு வெக்டர் தேவை. 'எல்'-உடன் உள்பெருக்கம் −1 வருகிற இன்னொரு ஒளிவகை (நீளம் சுழியான) வெக்டரை எடுங்கள்; கூம்பில் நேரத்திசையிலிருந்து ஆரத்திசையைக் கழித்துப் பாதியாக்கினால் போதும். ஆனால் இது உங்கள் தேர்வு. வேறு வெக்டரை எடுத்தால் இணைப்பும் (பரப்பில் வெக்டர்களை வகையிடும் விதியும்) பொதுவாக மாறிவிடும்.

ஷ்வார்ஸ்சில்டு கருந்துளையின் நிகழ்வெல்லையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வைன்கார்ட்டன் வரைவே சுழி, அதனால் வெளியின் இணைப்பு பரப்பிலேயே தங்கிவிடுகிறது. அதைச் சரிபார்க்க எடிங்டன்–ஃபிங்கல்ஸ்டைன் ஆயங்களைப் பயன்படுத்துங்கள். வழக்கமான ஷ்வார்ஸ்சில்டு ஆயங்கள் அந்த ஆரத்தில் செல்லாது.