‘லாஸ்ட் திங்ஸ்’ படத்தில் பயப்பட என்ன இருக்கிறது?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. ‘லாஸ்ட் திங்ஸ்’ (Lost Things) என்ற ஆஸ்திரேலியத் திகில் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். நாலு பிள்ளைகள், ஒரு கடற்கரை, ஒரு நாடோடி ஆள், பேயும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை, பாதியில் தூக்கம் வந்துவிட்டது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். வேலை முடிந்து வந்து ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. நானும் அப்படித்தான் பல படங்களைப் பார்க்கிறேன். ஆனால் தூக்கம் வந்த பழியை முழுக்கப் படத்தின் மேல் போடாதீர்கள்.

நான் சினிமாக்காரன் இல்லை. சிட்னியில் கணக்கு எழுதும் வேலை. “அங்கே இருப்பதால் அந்த ஊர்ப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறான்” என்று கருத்துப் பகுதியில் யாராவது எழுதத்தான் போகிறார்கள். இந்த நாட்டுப் படங்களில் பாதியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. இந்தப் படத்திலும் இழுவை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கதையை எழுதிய ஸ்டீபன் சூவல் நாடகக்காரர். அதனால் சில இடங்களில் பிள்ளைகள் பிள்ளைகள் மாதிரி பேசாமல் மேடையில் நிற்பவர்கள் மாதிரி பேசுகிறார்கள்.

சரி, படம் என்ன செய்கிறது? வீட்டில் பொய் சொல்லிவிட்டு இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும் அலைச்சறுக்கு விளையாட ஆளில்லாத கடற்கரைக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் ஒருத்தன் சுற்றிக்கொண்டிருக்கிறான், இங்கே இருக்காதீர்கள் என்கிறான். அப்புறம் நடந்ததே திரும்ப நடக்கிற மாதிரி இருக்கிறது. முடிவைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன், இன்னும் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள். (அந்த நால்வரில் ஒரு பெண்தான் பின்னால் லென்கா என்ற பெயரில் பாடகி ஆனவர். 2008-இல் அவர் பாடிய ஒரு பாட்டை நீங்கள் ஏதாவது விளம்பரத்திலாவது கேட்டிருப்பீர்கள்.) பெரும்பாலும் பளீரென்ற வெயிலில் நடக்கிற படம். மூலையில் இருட்டு இருந்தால் அதில் எதையாவது ஒளித்துவைக்கலாம். கடற்கரையில் எதை ஒளிப்பது? அதுதான் எனக்குப் பயம்.

கடற்கரையில் எடுத்தால் செட்டுச் செலவு மிச்சம் என்று நினைக்காதீர்கள். நண்பன் ஒருவனின் குறும்படத்துக்கு ஒரு நாள் மைக் பிடித்தேன். காற்று வசனம் முழுவதையும் தின்றுவிட்டது. ஒரு தடவை நடிகர் நடந்தால் மணலில் கால்தடம் விழுந்துவிடும், மறுபடி எடுக்க வேறு இடம் தேட வேண்டும். மத்தியானத்துக்குள் அலை ஏறி, காலையில் நின்ற இடமே தண்ணீருக்குள் போய்விட்டது.

இனி என் கதை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2009-இல் படிக்க வந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல். எங்களுக்குத் தண்ணீர் என்றால் லாரியில் வருவது. சிட்னியில் ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தோம், நாலு பேருமே தமிழ்ப் பையன்கள். அடுத்த வருடம் மே மாதம், பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, சீனியர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே ஒன்றரை மணி நேரம் போனோம். யாரும் இல்லாத கடற்கரை. போனில் சிக்னல் இல்லை. எங்களுக்கு அது சொர்க்கம்.

இங்கே கடலில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருப்பார்கள். இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். ஆனால் பல கடற்கரைகளில் ஏப்ரல் கடைசியோடு காவல் முடிந்துவிடும், கொடியும் போய்விடும். இது எங்களுக்குத் தெரியாது. வந்த முதல் வாரமே ஊர் மாமாக்கள் எல்லாரும் எங்கே அரிசி மலிவு, எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம், எப்படி நிரந்தர விசா வாங்கலாம் என்று வகுப்பு எடுத்தார்கள். கடலைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

கார் நிறுத்துகிற இடத்தில் துருப்பிடித்த ஒரு வேன். அதில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், பரட்டைத் தலை, சட்டை இல்லை. எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்து கடலைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த உச்சரிப்பு எங்களுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. “யெஸ் யெஸ்” என்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போய்ச் சிரித்தோம். “தண்ணி பார்ட்டிடா, காசு கேக்குறான்” என்றான் ஒருத்தன். அவன் பெயர் வேண்டாம், திருநெல்வேலிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணியில் நீந்திப் பழகியவன் என்ற திமிர் அவனுக்கு உண்டு.

எல்லா இடத்திலும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் அலையே இல்லை. தண்ணீர் கொஞ்சம் கருப்பாக, குளம் மாதிரி கிடந்தது. பயந்தவர்கள் தேர்ந்தெடுக்கிற இடம் அதுதானே? அதில்தான் இறங்கினோம். பின்னால்தான் தெரிந்தது. இதை இங்கே ‘ரிப்’ என்கிறார்கள், இழுப்பு. மணல் திட்டுகளின் மேல் அலை உடைந்து கரைக்கு ஏறின தண்ணீர், திட்டுகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். பள்ளம் ஆழம், அதனால் அங்கே அலை உடையாது. அமைதியாகத் தெரிவதே அங்கே தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருப்பதால்தான்.

நாங்கள் மூன்று பேர் இடுப்பளவில் நின்றோம். திருநெல்வேலிக்காரன் இரண்டு எட்டு முன்னால் போனான். கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. பேசிக்கொண்டிருந்தவன் தூரமாகிக்கொண்டே போனான், அவ்வளவுதான். முகம் எங்களைப் பார்த்தபடியே இருந்தது. விளையாடுகிறான் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கும். கரையை நோக்கி நேராக அடித்து நீந்தினான். அதைத்தான் செய்யக் கூடாதாம். மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும்.

அந்தக் கிழவர் சறுக்குப் பலகையோடு எங்களைத் தாண்டி ஓடினார். நாங்கள் மூன்று பேர் கத்திக்கொண்டு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. அவனைப் பலகையில் குப்புறப் போட்டு, வேறு பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து கரையில் தள்ளினார். அவன் வாந்தி எடுத்தான். அவர் எங்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அது நன்றாகப் புரிந்தது, இங்கே எழுத முடியாது. நன்றி சொல்வதற்குள் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொன்று. காரைத் திருப்பிக் கொடுத்தபோது, உள்ளே மணல் என்று அந்த சீனியர் 150 டாலர் பிடுங்கினார். ஒருத்தன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறான் என்று சொன்னோம். “அது வேற, இது வேற தம்பி” என்றார். அடுத்த வாரமே அதே மணலோடு காரை விற்றார். அன்றைக்கு 150 டாலர் என்றால் எனக்குப் பத்து நாள் சாப்பாடு. சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பல வருடம் கழித்துத்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த நாடோடி வந்து நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நீங்கள் தூங்கிய இடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

இந்த நாட்டுக்காரர்கள் கடற்கரையை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1965 ஜனவரியில் சிட்னியின் வாண்டா கடற்கரை மணல்மேட்டில் பதினைந்து வயதுப் பெண்கள் இரண்டு பேர் கொலையானார்கள். 1966 ஜனவரி 26 அன்று அடிலெய்டில் மூன்று குழந்தைகள் தாங்களாகவே பஸ் ஏறி கிளெனெல்க் கடற்கரைக்குப் போனார்கள், திரும்பவில்லை. இரண்டு வழக்கிலும் இன்றுவரை விடை இல்லை. 1967 டிசம்பரில் நாட்டின் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட், விக்டோரியாவின் செவியட் கடற்கரையில் நீந்தப் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு மெல்பர்னில் ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள் என்பது தனிக் கூத்து. மூன்று வருடம், மூன்று கடற்கரை, எல்லாம் நல்ல கோடைக்காலம். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காலி மணலைக் காட்டினாலே போதும், சத்தம் போட்டுப் பயமுறுத்தத் தேவையில்லை.

இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் 1978-இல் வந்த ‘லாங் வீக்கெண்ட்’ பாருங்கள். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு கடற்கரை. அதில் செத்த கடல்பசு ஒன்று வருகிறது, நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்போமே, அதேதான். அது கரையில் கிடக்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருக்கிறது. அதற்கும் தூங்கினால் உங்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, நல்ல உடம்பு.

திருநெல்வேலிக்காரன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள். போன வருடம் ‘லாஸ்ட் திங்ஸ்’ பார்க்கச் சொன்னேன். “பேய்ப் படமா?” என்றான். இல்லை என்றேன். “கடல் வருமா?” என்றான். முழுக்கக் கடல்தான் என்றேன். பார்க்கிறேன் என்றான். இன்னும் பார்க்கவில்லை.