‘கொடி’ ஏன் ‘கெடி’ ஆகிறது? சிறு குழு வாசிப்புப் பயிற்சி: கேள்வி-பதில்

கேள்வி: தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் எனப் பிரிக்கிறோம். என் வகுப்பில் அரும்பில் மட்டும் 14 பேர். இதையும் சிறு குழு என்று கொள்ளலாமா? (இரண்டாம் வகுப்பு ஆசிரியை, தருமபுரி)

கொள்ள முடியாது. 2022இல் தொடங்கிய அத்திட்டத்தின் மூன்று நிலைகளும் ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்லும். எதில் இடறுகிறது என்பதைச் சொல்லாது. அந்த 14 பேரில் சிலருக்கு மெய்யெழுத்தின் புள்ளியே கண்ணில் பட்டிருக்காது. சிலருக்குப் புள்ளி தெரிந்திருக்கும், ஆனால் துணைக்கால் வந்தால் ஒலி நீளாது. வேறு சிலர் எல்லா எழுத்தையும் தனித்தனியே சொல்லிவிட்டு, சொல்லாகச் சேர்க்கத் தெரியாமல் நிற்பார்கள். ஒரே இடறல் உள்ள நான்கைந்து பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். அது தீர்ந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் கலையாத குழுவுக்கு எவ்வளவு அழகான பெயரிட்டாலும் அது பழைய கடைசி பெஞ்சுதான்.

கேள்வி: எழுத்துகள் எல்லாம் தெரிந்த குழந்தை ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கிறது. இது கவனக்குறைவா?

இல்லை, கவனமாகப் பார்ப்பதால்தான் அப்படி வாசிக்கிறது. ‘கொ’வில் ‘க’வுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் இருக்கின்றன. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும் குழந்தை கொம்பையும் ‘க’வையும் கண்டவுடன் ‘கெ’ என்று முடிவு செய்துவிட்டு, எஞ்சிய காலை என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடுகிறது. துணைக்காலைத் தனி அட்டையில் எழுதி, ‘கெடு’ என்ற சொல்லில் ‘கெ’வுக்குப் பின்னால் வைத்தும் எடுத்தும் காட்டுங்கள், ‘கெடு’ ‘கொடு’வாவதைக் குழந்தை தன் வாயாலேயே சொல்லட்டும். அடுத்து செல்–சொல், மெட்டு–மொட்டு. ஆனால் ‘பெட்டி’யைப் ‘பொட்டி’ என்று வாசிக்கும் குழந்தையை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம். அது எழுத்தைச் சரியாக அறிந்து, வீட்டில் பேசுகிறபடி சொல்லியிருக்கலாம். ‘மெட்டு’ என்று எழுதிக் காட்டினால் எது என்பது விளங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிர்மெய் வரிசையை வாய்பாடுபோல் ஒப்பித்துப் பழகிய குழந்தையிடம் ‘கீ’யைக் காட்டினால், ‘க, கா, கி’ என்று உதட்டுக்குள் படியேறிய பிறகே அங்கு வந்து சேரும். 216 உயிர்மெய்களையும் வரிசை கலைத்துக் காட்டிப் பழக்குவதே சரி. ஆகார வரிசைக்கு (கா, சா, தா) சில நாள்கள் போதும், ஏனெனில் ஒரே துணைக்கால் எல்லா மெய்க்கும் பொருந்தும். உகர, ஊகார வரிசைகளுக்கு வாரக்கணக்கில் ஒதுக்குங்கள். கு, சு, து, மு ஆகிய நான்கிலும் குறி வெவ்வேறு விதமாக வளைகிறதல்லவா?

கேள்வி: இரண்டு நாள் பயிற்சியில் ஆசிரியர்கள் ஆர்வமாகப் பங்கேற்கிறார்கள். பிறகு வகுப்புக்குச் சென்று பார்த்தால் பழையபடி ‘எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க’தான். எங்கே தவறுகிறோம்? (ஆசிரியப் பயிற்றுநர்)

நானும் பல ஆண்டுகள் இதே தவற்றைச் செய்தவன். ஆசிரியர்களையே குழந்தைகளாக நடிக்க வைத்து மாதிரி வகுப்பு எடுப்பேன், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சரளமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரால் தெரியாதவர்போல நடிக்க முடியுமே தவிர, ஆறு வயதுக் குழந்தை செய்யும் பிழையைச் செய்துகாட்ட முடியாது. பிழையைக் காதால் கேட்டுப் பழகாத ஆசிரியர், எத்தனை விளையாட்டுகளைக் கற்றுக்கொண்டாலும், குழுவின் முன் அமர்ந்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டு வாசிப்புக்கே திரும்புவார்.

ஆகவே, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் நடக்கும் பயிற்சியைக் குழந்தைகள் இருக்கும் பள்ளி வேலைநாளில் வையுங்கள். ஓர் ஆசிரியர் நான்கு குழந்தைகளுடன் கால் மணி நேரம் அமரட்டும். சற்றுத் தள்ளி அமரும் இருவர், ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் குழந்தை வாசித்ததை அப்படியே எழுதட்டும். ‘தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு அனுமதி இல்லை. ‘பாடம்: படம்’, ‘கொடி: கெடி’ என்றுதான் இருக்க வேண்டும். பிற்பகல் முழுவதும் அந்தத் தாளை மட்டும் வைத்துப் பேசுங்கள். மறுநாள் அதே குழந்தைகள், அதே ஆசிரியர். பவர்பாயிண்ட் இல்லாவிட்டால் ஒரு குறையும் வந்துவிடாது.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி. ஐந்து பேருடன் நான் அமர்ந்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

ஏற்கெனவே கற்றதைச் செய்ய வேண்டும், புதியது எதுவும் கூடாது. குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிப்படியாகக் கற்கும் முறையாக 2007இல் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலின் அட்டைகள் அலமாரியில் இன்னும் இருந்தால் தூசு தட்டி எடுங்கள். முதல் இரண்டு வாரங்கள் குழுவே அமைக்காமல், தானாக வேலையைத் தொடங்கி முடித்து அட்டையை உரிய இடத்தில் வைக்கும் பழக்கத்தை மட்டும் கற்பியுங்கள்.

கேள்வி: ‘க’ ஒரு சொல்லில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறதே, விதியைச் சொல்லித்தர வேண்டுமா? என் வகுப்பில் இந்தி பேசும் குழந்தைகளும் இருக்கிறார்கள். (திருப்பூர்)

தமிழ் பேசும் குழந்தைக்கு விதி வேண்டியதில்லை. ‘ப… க… ல்’ என்று வல்லொலியில் எழுத்துக் கூட்டினாலும், ‘சேர்த்துச் சொல்’ என்றதும் தனக்குத் தெரிந்த சொல்லாக அது தானே மென்மையாகிவிடும். அந்தச் சொல்லே தெரியாத குழந்தைக்கு இந்தத் துணை கிடையாது. அதோடு, இந்தியில் இவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எனவே அவர்களுக்குச் சொல் முதலில் காதுக்கும் வாய்க்கும் பழக வேண்டும், எழுத்து பிறகு வரட்டும். வகுப்பறையில் கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு தொடங்குங்கள்: தட்டு, பாய், பக்கம், பலகை. கடைசி இரண்டிலும் ‘க’ ஒன்றுபோல் ஒலிக்கிறதா என்று, நீங்கள் சொல்வதற்கு முன், அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.