அரசின் ஒரு முடிவு ஓர் ஊரையே கலைத்துவிடுமா?

அரசுக் கொள்கைக்கும் ஒரு ஊர் நிலைத்திருப்பதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நெல்லை மாவட்டத்தில் மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்ட ஊரான மாஞ்சோலையைப் பாருங்கள்.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் அந்த மலைக்காட்டைத் தேயிலைக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிந்து நிலம் அரசிடம் வந்த பிறகும் குத்தகை தொடர்ந்தது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எங்கும் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். கோயில், தேவாலயம், பள்ளி எல்லாம் இருந்தன. பட்டா மட்டும் இல்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. எல்லா நிலையின்மைக்கும் வேர் இதுதான் என்பேன். 1999 ஜூலை 23 அன்று அவர்களின் கூலிக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடி; தாமிரபரணிக்கரையில் 17 உயிர்கள் போயின. அந்த நாளை எங்களால் மறக்க முடியாது.

பிறகு அந்த மலை காப்புக்காடு என்று அரசின் அறிவிப்பு வந்தது. 2024இல் தோட்ட நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. வேலையோடு வீட்டு உரிமையும் போக, ஊர் சிதறத் தொடங்கியது.

காட்டைக் காப்பது தேவைதான். பொருநை எனப்படும் தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாறு அந்த மலையில்தான் பிறக்கிறது. ஆனால் குத்தகை 2028இல் முடியும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த கணக்கு. அத்தனை ஆண்டுகளில் அடிவாரத்தில் அவர்களுக்கு ஒரே இடத்தில் மனை ஒதுக்கியிருந்தால், ஊர் இடம் மாறியிருக்கும், சிதறியிருக்காது.