ஸ்லீப் ஸ்டடிக்கு எண்ணெய் தேய்க்காத தலையோடு போங்கள்

கேள்வி: எனக்கு வயது 51. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீடு. எடை 82 கிலோ, உயரம் 155 செ.மீ. மூன்று வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கத்தில் பலத்த குறட்டை விடுவதாகவும், நடுநடுவே மூச்சு நின்று திணறி எழுவதாகவும் வீட்டுக்காரர் சொல்கிறார். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அசந்துவிடுகிறது. சேலத்தில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒரு ராத்திரி தங்கி 'ஸ்லீப் ஸ்டடி' (தூக்கப் பரிசோதனை) எடுக்கச் சொல்லியிருக்கிறார். என்ன உடுத்திக்கொண்டு போவது? தாலி, மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா? உடம்பெல்லாம் ஒயர் மாட்டினால் ஷாக் அடிக்காதா? புது இடத்தில் எனக்குத் தூக்கமே வராது. அப்படியென்றால் கட்டும் பணம் வீண்தானே?
— வாசகி, ஏற்காடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பணம் வீணாகாது. ஒயர் மாட்டிக்கொண்டு, தெரியாத கட்டிலில் படுத்து, யாரும் வீட்டில் தூங்குவதுபோல் தூங்குவதில்லை. பரிசோதிக்கிறவர்களுக்கும் அது தெரியும். நான்கு மணி நேரம் விட்டுவிட்டுத் தூங்கினாலும் உங்களுக்கு இருப்பதாகச் சந்தேகிக்கிற 'ஸ்லீப் ஆப்னியா' என்ற மூச்சுத் தடையைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். விடிய விடியக் கண்ணே மூடவில்லை என்று காலையில் சொல்கிறவர்களின் பதிவிலும் பல மணி நேரத் தூக்கம் இருப்பது சகஜம். லேசான தூக்கத்தை நாமே தூக்கமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஷாக் அடிக்காது. அந்த ஒயர்கள் உங்கள் உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. மூளை, கண், தசை, இதயம் தாமாக எழுப்பும் மிக நுண்ணிய மின்னலையை வாங்கிக் கொண்டுபோய் கணினியில் எழுதுகின்றன, அவ்வளவுதான். ஈ.சி.ஜி. எடுத்திருப்பீர்கள், அதேபோலத்தான். ஊசி, மயக்க மருந்து எதுவும் கிடையாது.

இனி உடுப்பு. சேலை வேண்டாம். மார்பைச் சுற்றி அக்குளுக்குக் கீழே ஒரு பெல்ட், தொப்புள் மட்டத்தில் இன்னொரு பெல்ட் கட்டுவார்கள். மூச்சு விடும்போது மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை அவை அளக்கும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் இடமும் வயிற்று பெல்ட் உட்காரும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. நாடா இறுக்கினால் வயிற்றின் அசைவு பெல்ட்டுக்குச் சரியாக வராது. தொண்டை அடைபடுவதால் மூச்சு நிற்கிறதா, அல்லது மூளையிலிருந்து கட்டளையே வராமல் நிற்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்வது இந்த இரண்டு பெல்ட்டுகள்தான். காற்று நின்ற பிறகும் மார்பும் வயிறும் போராடிக்கொண்டிருந்தால் அடைப்பு தொண்டையில் இருக்கிறது. அவையும் அசையாமல் கிடந்தால் விஷயம் வேறு, வைத்தியமும் வேறு. அதனால்தான் ஒரு நாடாவைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான பருத்திச் சட்டை, இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக் வைத்த பேன்ட், இதுதான் எல்லாவற்றிலும் வசதி. நைட்டிதான் பழக்கம் என்றால் முன்னால் ஜிப் அல்லது பட்டன் உள்ளதாக எடுத்துக்கொண்டு, உள்ளே தளர்வான லெகிங்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத் தசையில் ஒட்டும் ஒயர்கள் துணிக்குள்ளேயே மேலே ஏறி வருவதால், நைட்டி மட்டும் என்றால் புரண்டு படுக்கும்போது சுருண்டு மேலே ஏறிவிடும், கூச்சத்தில் புரளவே மாட்டீர்கள். தலை வழியாக மாட்டும் இறுக்கமான டாப்ஸ் கூடாது. ஒயர் ஒட்டிய பிறகு தலைக்கு மேலே எதையும் கழற்ற முடியாது. அதனால் உடை மாற்றி, கழிப்பறைக்குப் போய்வந்து, பிறகுதான் ஒட்ட உட்கார வேண்டும். பிராவைக் கழற்றிவிட்டுத் தளர்வான ஷிம்மி போட்டுக்கொள்ளலாம். நைலான், பாலியஸ்டர் வேண்டாம், வேர்த்துவிடும். வேர்வை பட்டால் மூளை அலைப் பதிவில் அகலமான பொய் அலைகள் தோன்றும். அந்தக் காரணத்துக்காகவே அறையில் ஏசியைக் குளிராக வைத்திருப்பார்கள்.

நீங்கள் ஏற்காட்டுக்காரர், குளிருக்கு ஸ்கார்ஃப் கட்டித் தூங்குகிற பழக்கம் இருக்கலாம். அன்று மட்டும் தலையில் மஃப்ளர், குல்லா எதுவும் முடியாது. பட்டன் வைத்த ஸ்வெட்டரும் உங்கள் வீட்டுக் கம்பளியும் கொண்டுபோங்கள். குட்டை சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். உங்கள் தலையணையையும் எடுத்துப்போங்கள். இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறையில் பசை படும், பழைய உறை போதும்.

தாலியைக் கழற்ற வேண்டாம். சரட்டையோ கொடியையோ மேலே ஒதுக்கி வைத்துவிட்டு மார்பு பெல்ட்டைக் கட்டிவிடுவார்கள். ஆனால் அதில் கோத்திருக்கும் சேஃப்டி பின்களை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், ஒயரில் மாட்டி இழுக்கும். மூக்குத்தி கழற்ற வேண்டும். மூக்கின் இரு துவாரத்திலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும், நடு ராத்திரி காற்றழுத்தக் கருவியின் மாஸ்க் மாட்ட வேண்டி வந்தால் அதுவும் மூக்கைச் சுற்றித்தான் உட்காரும். திருகு இறுகிப்போன மூக்குத்தியை அங்கே போய்க் கழற்றினால் மூக்கு வீங்கிவிடும். இரண்டு நாள் முன்பே கடையில் கொடுத்துக் கழற்றி வாங்கிவிடுவது நல்லது. காதுக்குப் பின்னால் எலும்பில் இரண்டு ஒயர் ஒட்டுவதால் ஜிமிக்கியும் மாட்டலும் கூடாது. விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டுகிற கையில் வளையல் வேண்டாம். கொலுசைக் கழற்றுங்கள். மெட்டி இருக்கட்டும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். விரல் நுனி மருதாணியில் கறுத்துச் சிவந்திருந்தால் கிளிப்பின் ஒளி சரியாக ஊடுருவாமல் போகலாம், ஒரு விரலையாவது விட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தலைமுடி. அன்று காலை ஷாம்பு போட்டு இரண்டு முறை அலசிக் குளியுங்கள். எண்ணெய், கண்டிஷனர், சீரம் எதுவும் தடவக்கூடாது. பூ வேண்டாம். முகத்துக்கு மஞ்சள், கிரீம், பவுடர் வேண்டாம். நெற்றியிலும் ஒயர் வருமாதலால் ஸ்டிக்கர் பொட்டு, வகிட்டுக் குங்குமத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கும் தோலில் ஒயரின் தொடர்பு சரியாக வராது, வந்தாலும் ராத்திரி 2 மணிக்குக் கழன்றுவிடும். தலையில் ஒரு ஒயர் கழன்றால் நீங்கள் எந்தக் கட்டத் தூக்கத்தில் இருந்தீர்கள் என்று சொல்வதே சிரமமாகிவிடும். முடி உலர்ந்த பிறகு தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை போட்டால் மல்லாந்து படுக்க முடியாது. மல்லாந்து படுக்கும்போதுதான் மூச்சுத் தடை அதிகமாகத் தெரியும்.

ஒட்டும் வேலைக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். டெக்னீஷியன் ஒரு டேப்பால் மூக்கின் தொடக்கத்திலிருந்து பிடரி எலும்புவரை, பிறகு காதிலிருந்து காதுவரை அளப்பார். அந்த நீளத்தின் 10, 20 சதவீதக் கணக்கில் தலையில் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளியிலும் முடியைப் பிரித்து, மணல் கலந்ததுபோல் நறநறக்கும் ஒரு ஜெல்லைப் பஞ்சில் எடுத்துத் தேய்ப்பார். லேசாக எரியும். அழுக்கும் இறந்த தோலும் போக வேண்டும் என்பதற்காகத்தான் அது. பிறகு வெண்ணெய்போல் கெட்டியான வெள்ளைப் பசையைச் சின்னக் கிண்ணி வடிவ உலோகத்தில் நிரப்பி அழுத்தி, மேலே சின்னத் துணித்துண்டு வைப்பார். கண்ணோரத்தில் இரண்டு, தாடையில் மூன்று, மார்பில் இரண்டு, இரு காலிலும் என்று எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேல் வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டியில் சேர்ந்துவிடும். ராத்திரி சிறுநீர் கழிக்க வேண்டுமானால் குரல் கொடுங்கள், அறையில் மைக் இருக்கும். ஒரே ஒரு கேபிளைக் கழற்றிவிட்டால் அந்தப் பெட்டியோடு எழுந்து போய்வரலாம். தயங்கிக்கொண்டு அடக்கிவைத்துப் படுக்காதீர்கள். ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் வருவதுகூட இந்த நோயின் ஓர் அறிகுறிதான்.

படுத்ததும் உடனே விளக்கை அணைக்க மாட்டார்கள். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடம், வலம் பாருங்கள், ஐந்து முறை இமையுங்கள், பல்லைக் கடியுங்கள், குறட்டை விடுவதுபோல் சத்தம் எழுப்புங்கள், மூச்சை அடக்குங்கள், இடது கால் பெருவிரலை மடக்குங்கள் என்று அடுத்த அறையிலிருந்து சொல்வார்கள். எந்த ஒயர் வேலை செய்யவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். இடையில் கிளிப் கழன்றாலோ மூக்குக் குழாய் நகர்ந்தாலோ அவரே உள்ளே வந்து சரிசெய்வார், பதறாதீர்கள். நீங்களாக எதையும் ஒட்டவோ பிடுங்கவோ வேண்டாம்.

அறையில் இருட்டிலும் பதியும் கேமரா இருக்கும். எந்தப் பக்கம் படுத்தபோது மூச்சு நின்றது, கை கால் உதறினீர்களா என்று பார்ப்பதற்கு அது வேண்டும். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், அங்கே போய்க் கேட்டால் ஆள் கிடைப்பது கடினம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், ஒயர் ஒட்டி முடியும்வரை மகளோ சகோதரியோ பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. துணைக்கு வருபவர் அதே அறையில் தூங்காமல் இருப்பது நல்லது, அவர் குறட்டையும் மைக்கில் விழும்.

அன்றைய பகல் பற்றிக் கொஞ்சம். பி.பி. மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தூக்கம் வரட்டும் என்று யார் கொடுத்த மாத்திரையையும் புதிதாகப் போடாதீர்கள், சில மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுத் தடையைக் கூட்டிவிடும். ஏற்கெனவே சாப்பிடுகிற தூக்க மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. பகல் தூக்கம் வேண்டாம். காபித் தோட்டம் நடுவில் இருந்துகொண்டு இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான், ஆனாலும் மதியம் 12 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். இரவுச் சாப்பாட்டை வீட்டு நேரத்துக்கே முடித்துவிடுங்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் போன் செய்து நாளைத் தள்ளிவையுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 34, அதிகம்தான். பி.பி., பகல் தூக்கம், கணவர் கண்ணால் பார்த்த மூச்சு நிறுத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தடை கடுமையாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் முதல் 2 மணி நேரத் தூக்கத்திலேயே தெரிந்துவிடும். சில இடங்களில் அப்போதே எழுப்பி, 'சி-பாப்' என்ற காற்றழுத்தக் கருவியின் மாஸ்க்கை மாட்டி, 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, எந்த அழுத்தத்தில் மூச்சுத் தடை நிற்கிறது என்று மிச்ச ராத்திரியில் பார்ப்பார்கள். ஏதோ ஆபத்து நேர்ந்ததால் எழுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது ராத்திரி தங்கும் செலவு மிச்சமாகும். மாலையிலேயே மாஸ்க்கைக் கையில் வாங்கி முகத்தில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். அதிகாலை 4 மணிக்கு எழும் பழக்கம் இருந்தாலும் அன்று எழாதீர்கள். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், மூச்சுத் தடை பலருக்கு அப்போதுதான் மோசமாகும்.

காலையில் டெக்னீஷியனிடம் ரிசல்ட் கேட்டால் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. பதிவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், 7 மணி நேரப் பதிவு என்றால் 840 துண்டுகள். அறிக்கை வர சில நாள் ஆகும். அதில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைத் தேடுங்கள். 10 வினாடியாவது மூச்சு நின்றதும் குறைந்ததுமான தடைகளைத் தூங்கிய மணி நேரத்தால் வகுத்தது அது. 6 மணி நேரத்தில் 132 தடை என்றால் 22. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். சி-பாப் வாங்கும்படி ஆனால், உங்கள் ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். உயரத்துக்கு ஏற்பத் தானாக அழுத்தத்தைச் சரிசெய்யும் மாடலா, மழைக்காலத்தில் கரன்ட் போனால் பேட்டரியில் ஓடுமா, இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தலைப் பசை தண்ணீரில் கரையும். வெந்நீரில் துண்டை நனைத்துச் சில நிமிடம் தலையில் சுற்றி ஊறவிட்டு, பிறகு ஷாம்பு போடுங்கள், காய்ந்தபடியே சீப்பால் வாராதீர்கள். அரைத் தூக்கத்தோடு இருப்பீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே உட்கார்ந்த இடத்தில் கண் அசருகிறது. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்கூட்டரோ காரோ நீங்கள் ஓட்ட வேண்டாம், ராத்திரி முழுக்க வெளியே நாற்காலியில் விழித்திருந்த துணையும் ஓட்ட வேண்டாம். பஸ்ஸில் ஏறுங்கள், அல்லது வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவரைக் காலையில் கீழே வரச் சொல்லுங்கள்.