வேலூர் சத்துவாச்சாரி மொட்டை மாடியில் ஹாம் ரேடியோவுக்கு 40 மீட்டர் டைபோல் ஆன்டெனா கட்ட இடம் போதுமா?

மாடி நீளம் 15 மீட்டர்தான் என்கிறீர்கள், தாராளமாகக் கட்டலாம். 40 மீட்டர் என்பது ரேடியோ அலையின் நீளம், ஒயரின் நீளம் அல்ல; டைபோல் என்பது நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் சமமாக நீளும் ஒயர். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் ஒயரின் மொத்த நீளம் மீட்டரில் வரும், இந்த அலைவரிசையின் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர், ஒரு பக்கம் 10. நடுவை ஒரு கம்பத்தில் உயர்த்தி இரு முனைகளையும் சாய்வாக இறக்குங்கள், அப்படியும் மிஞ்சினால் கடைசி ஒன்றிரண்டு மீட்டரை பக்கவாட்டில் மடித்துக் கட்டினாலும் நன்றாகவே வேலை செய்யும்.

வீட்டு வயரிங் செய்யும் சாதாரண செம்பு ஒயரே போதும். அதன் பிளாஸ்டிக் உறையால் ஆன்டெனா இசையும் அதிர்வெண் கொஞ்சம் கீழே இறங்கும், ஆனாலும் முதலில் அரை மீட்டர் கூடுதலாகவே விட்டு, ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இரு பக்கமும் சமமாக, சில சென்டிமீட்டராக நறுக்குங்கள். முனைகளுக்கு பிவிசி குழாய்த் துண்டு, நைலான் கயிறு. நடுவில் கோஆக்ஸ் கேபிளின் (டிவி கேபிள் மாதிரியானது) உள்கம்பி ஒரு பக்கத்துக்கு, வெளிவலை இன்னொரு பக்கத்துக்கு. அந்த மூட்டில் தண்ணீர் இறங்காமல் நன்றாக அடைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் முதலில் கெடுவது அதுதான்.

உயரம் 7, 8 மீட்டர்தான் என்று கவலை வேண்டாம். தாழ்வாக இருந்தால் அலை கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே போய், வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும், அதனால் சுற்றியிருக்கும் மலைகள் மறைக்காது, பகலில் சென்னை, மதுரை நன்றாகக் கேட்கும்.

மின்கம்பி அருகில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள். இடி வரும்போல் இருந்தால் முன்கூட்டியே கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். அப்புறம், திருப்பிப் பேச அமெச்சூர் (ஹாம்) ரேடியோ லைசன்ஸ் கட்டாயம்.